கல்லூரிக் கதவைத் திறந்த காதம்பினி

நுழையும் முன்

மருத்துவக் கல்லூரியில் இடம் பெறுவது ஒரு மாணவரின் தனிப்பட்ட வெற்றியாகத் தோன்றலாம். ஆயினும், யார் மருத்துவம் கற்கிறார் என்பதைப் பொறுத்தே யாருக்கு மருத்துவம் கிடைக்கிறது என்பதும் அமைகிறது. ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன், கொல்கத்தா நகரில் இவ்வுண்மையைத் தம் வாழ்வால் உணர்த்திய பெண்மணி ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் இளமையும்

காதம்பினி 1861ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள் பாகல்பூரில் பிறந்தார். இவ்வூர் இன்று பீகார் மாநிலத்தில் உள்ளது. அவர்தம் முன்னோர் இன்றைய வங்கதேசத்தின் பரிசால் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தையார் பிரஜகிஷோர் பாசு பள்ளித் தலைமையாசிரியர். பிரம்ம சமாஜத்தின் சீர்திருத்தக் கொள்கைகளில் பற்றுடையவர். பெண்களின் முன்னேற்றம் கருதி 1863ஆம் ஆண்டில் பாகல்பூரில் மகளிர் சங்கம் ஒன்று தோன்றத் துணைநின்றவர்.

அக்காலத்தில் வங்கத்துப் பெண் குழந்தைகளுக்குப் பத்து வயது நிரம்புமுன்னரே திருமணம் செய்துவைப்பது பரவலான வழக்கமாக இருந்தது. பெண் கல்வி கற்றால் குடும்பத்திற்குக் கேடு வரும் என்று நம்பியோரும் பலர். அத்தகைய சூழலில் பிரஜகிஷோர் தம் மகளைக் கொல்கத்தாவில் தங்கிப் பயிலச் செய்தார். காதம்பினி பயின்ற வங்க மகளிர் வித்தியாலயம் 1878ஆம் ஆண்டில் பெத்தூன் பள்ளியுடன் இணைக்கப்பட்டது. வித்தியாலயத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் துவாரகநாத் கங்குலி. பெண்களின் உரிமைக்காகவே இதழ் நடத்திய சீர்திருத்தவாதி அவர்.

பல்கலைக்கழகத்தின் தடை

காதம்பினி எதிர்கொண்ட முதல் தடை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளை எழுதப் பெண்களுக்கு அனுமதி இல்லை. அவருக்கு முன்னரே டேராடூனைச் சேர்ந்த சந்திரமுகி பாசு என்னும் மாணவி சிறப்பு அனுமதியுடன் தேர்வெழுதித் தகுதி காட்டியிருந்தார். ஆயினும் வெற்றி பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. தகுதி இருந்தும் அதனை ஏற்கும் விதி இல்லை என்பதே அதற்குக் காரணம்.

இந்நிலையை மாற்றத் துவாரகநாத் இடைவிடாது முயன்றார். 1878ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பல்கலைக்கழகம் பெண்களும் தேர்வெழுதலாம் எனத் தீர்மானித்தது. அவ்வாண்டிலேயே காதம்பினி நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்றார். ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தமையால் முதல் வகுப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும் அவ்வெற்றியின் பயன் பெரிதாயிற்று. அவர் மேலே பயில்வதற்கென்றே பெத்தூன் பள்ளியில் கல்லூரி வகுப்பு தொடங்கப்பட்டது. 1883ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் காதம்பினியும் சந்திரமுகியும் பி.ஏ. பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் என்னும் சிறப்பை எய்தினர்.

மருத்துவக் கல்லூரியின் தடை

பட்டம் பெற்ற காதம்பினி மருத்துவம் பயில விரும்பினார். 1835ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கொல்கத்தா மருத்துவக் கல்லூரி அதுவரை ஒரு பெண்ணையும் மாணவியாகச் சேர்த்ததில்லை. பெண்கள் மருத்துவம் கற்பது தகாது என்று பேராசிரியர் பலர் கருதினர். கல்லூரி மன்றமும் அக்கருத்தையே கொண்டிருந்தது.

சென்னையின் நிலை வேறாக இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. எனவே, கொல்கத்தாவில் இடம் மறுக்கப்பெற்ற அபலா தாஸ் என்னும் வங்க மாணவி, 1882ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து மருத்துவம் பயிலத் தொடங்கினார். பின்னாளில் அறிவியலறிஞர் ஜகதீஷ் சந்திர போஸை மணந்து, கல்வித் தொண்டால் புகழ்பெற்ற அபலா போஸ் இவரே. உடல்நலக் குறைவால் அவரால் மருத்துவப் படிப்பை நிறைவுசெய்ய இயலவில்லை. தம் ஊரிலேயே கல்லூரி இருக்க, நெடுந்தொலைவிலுள்ள மற்றொரு மாகாணத்தை நாடவேண்டிய நிலை ஒரு மாணவிக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காதம்பினி கேட்டது சலுகை அன்று. மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்குப் பி.ஏ. பட்டம் கட்டாயம் இல்லை. அதற்குக் கீழ்ப்பட்ட தேர்வே போதுமானது. தேவைப்பட்டதைவிட உயர்ந்த தகுதியுடன் அவர் விண்ணப்பித்தார். அவரை மறுப்பதற்குப் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் காட்ட இயலாது.

இவ்வழக்கில் மற்றொரு நியாயமும் அடங்கியிருந்தது. அந்தப்புரத்தில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவர் தம்மைத் தொட்டுச் சோதிப்பதற்கு இசையமாட்டார்கள். பேறுகாலத்திலும் கடும் நோயிலும் அவர்களுக்குக் கிடைத்தது பயிற்சியற்ற மருத்துவச்சியின் உதவியே. ஆண்களை மட்டும் மருத்துவராக்கிய கல்லூரி, தான் அறிந்தோ அறியாமலோ, பெண் நோயாளிகளைக் கைவிட்டது. வங்கத்தின் துணைநிலை ஆளுநர் ரிவர்ஸ் தாம்சன் இதனை உணர்ந்தார். வங்கப் பெண்கள் மருத்துவக் கல்விக்காகச் சென்னைக்குச் செல்ல நேர்ந்தது தம் மாகாணத்திற்குப் பெருமை தருவதன்று என்றும் கருதினார். கல்லூரி மன்றத்தின் எதிர்ப்பைத் தள்ளி, 1883ஆம் ஆண்டு ஜூன் திங்கள் இறுதியில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார்.

அதே ஜூன் திங்களில்தான் காதம்பினிக்கும் துவாரகநாத்துக்கும் திருமணம் நடைபெற்றது. இல்லறம் அவர்தம் கல்விக்குத் தடையாகவில்லை. கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவியாக அவர் சேர்ந்தார். திங்கள்தோறும் 20 ரூபாய் உதவித்தொகையும் பெற்றார்.

தேர்வறையில் நேர்ந்த சோதனை

கல்லூரிக் கதவு திறந்தது. ஆயினும் உள்ளிருந்தோர் அனைவரின் மனமும் திறந்துவிடவில்லை. காதம்பினி எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதினார். இருப்பினும் ஒரு பாடத்தில் தேர்ச்சிக்குரிய மதிப்பெண் அவருக்குக் கிடைக்கவில்லை. அப்பாடத்தின் பேராசிரியர் பெண்கள் மருத்துவம் கற்பதை வெளிப்படையாக எதிர்த்தவர். அம்மதிப்பீடு நடுநிலையானதுதானா என்னும் ஐயத்தைக் காதம்பினியின் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுப்பியுள்ளனர்.

இதனால் பல்கலைக்கழகத்தின் எம்.பி. பட்டம் அவருக்குக் கிட்டாமற் போயிற்று. அவருடைய உழைப்பையும் திறமையையும் அறிந்த கல்லூரி முதல்வர், மருத்துவத் தொழில் செய்யும் உரிமையளிக்கும் கல்லூரிப் பட்டம் அவருக்குக் கிடைக்கச் செய்தார்.

காதம்பினியின் உழைப்பு கடல் கடந்தும் அறியப்பட்டது. செவிலியர் பணியின் முன்னோடியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1888ஆம் ஆண்டில் எழுதிய மடல் ஒன்றில் அவரை வியந்து குறிப்பிட்டுள்ளார். மகப்பேற்றிற்காகப் பதின்மூன்று நாள்கள் மட்டுமே காதம்பினி விடுப்பு எடுத்தார் என்பதும், வகுப்பு ஒன்றையும் தவறவிடவில்லை என்பதும் அம்மடல் தரும் செய்திகள்.

மருத்துவப் பணியும் அவதூறும்

1888ஆம் ஆண்டில் காதம்பினி கொல்கத்தாவின் லேடி டஃபரின் மகளிர் மருத்துவமனையில் பணியேற்றார். திங்கள் ஊதியம் 300 ரூபாய். எனினும், எம்.பி. பட்டம் இல்லாமையால் ஐரோப்பியப் பெண் மருத்துவர்களுக்கு நிகரான மதிப்பு அவருக்கு வழங்கப்படவில்லை. ஒரு பாடத்தின் மதிப்பெண் பணியிடம் வரை அவரைத் தொடர்ந்தது.

சமுதாயத்தின் பழைமைவாதிகளும் அவரை விட்டுவைக்கவில்லை. இரவும் பகலும் நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்றுவந்த அப்பெண் மருத்துவரை, 1891ஆம் ஆண்டில் வங்க மொழி இதழ் ஒன்று மிக இழிவாகச் சித்திரித்தது. காதம்பினியும் துவாரகநாத்தும் அஞ்சி ஒதுங்காமல் நீதிமன்றத்தை நாடினர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு, அவ்விதழின் ஆசிரியருக்கு ஆறு திங்கள் சிறையும் 100 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன.

தம் தகுதியை எவரும் குறைகூற இடமிருத்தல் ஆகாது எனக் காதம்பினி எண்ணினார். சிறு குழந்தைகளை உறவினர் பொறுப்பில் விட்டு, 1893ஆம் ஆண்டில் பிரித்தானியா சென்றார். அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்தின் மருத்துவக் கழகங்கள் இணைந்து வழங்கும் தகுதியைப் பெற்றுத் தாயகம் திரும்பினார். அதன்பின் அவருடைய மருத்துவத் தொழில் செழித்தது. நோயாளிகளைக் காணக் குதிரை வண்டியில் செல்லும்போதும் அவர் நேரத்தை வீணாக்கியதில்லை. வண்டியில் அமர்ந்தபடியே நுண்ணிய பின்னல் வேலை செய்வது அவர் வழக்கம்.

பொதுவாழ்வு

1889ஆம் ஆண்டில் மும்பையில் நடைபெற்ற இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டில் பங்கேற்ற முதல் பெண் பேராளர்களுள் காதம்பினியும் ஒருவர். அடுத்த ஆண்டு கொல்கத்தா மாநாட்டில் அவர் நன்றியுரை ஆற்றினார். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய அறப்போருக்கு ஆதரவு திரட்டினார். 1898ஆம் ஆண்டில் கணவரை இழந்த பின்னும் பணியில் தளரவில்லை. 1922ஆம் ஆண்டில், தம் அறுபதாம் வயதைக் கடந்த நிலையிலும், கவிஞர் காமினி ராயுடன் பீகார், ஒரிசா பகுதிகளின் சுரங்கங்களில் உழைத்த பெண்களின் நிலையை ஆராயச் சென்றார்.

1923ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் நோயாளி ஒருவருக்கு அறுவை மருத்துவம் செய்துவிட்டு இல்லம் திரும்பிய காதம்பினி, அன்றே இயற்கை எய்தினார்.

அவர் காட்டும் நெறி

காதம்பினிக்குக் கல்வியறிவுடைய தந்தை வாய்த்தார். துணைநின்ற கணவர் வாய்த்தார். அத்தகைய ஆதரவு இல்லாதவர் நிலை என்ன? குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணாகிய ஹைமபதி சென் என்னும் பெண்மணி, பின்னாளில் கொல்கத்தாவின் கேம்பெல் மருத்துவப் பள்ளியில் பயின்று தேர்வில் முதலிடம் பெற்றார். அவருக்குரிய தங்கப் பதக்கத்தைப் பெண்ணுக்கு வழங்கக்கூடாது என மாணவர்கள் கிளர்ச்சி செய்தனர். முடிவில் அவருக்கு வெள்ளிப் பதக்கமே கிடைத்தது. சேர்க்கையில் இடமளித்தால் மட்டும் நேர்மை நிறைவடையாது. மதிப்பீட்டிலும் பரிசிலும் பணியிலும் அது தொடர்தல் வேண்டும் என்பதற்கு இவ்விருவர் வாழ்வும் சான்றாகும்.

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பு, தன் 15ஆம் பிரிவில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் அரசு வேறுபாடு காட்டலாகாது என விதிக்கிறது. பெண்களுக்கும், கல்வியிலும் சமுதாயத்திலும் பின்தங்கியோருக்கும் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய அதே பிரிவு இடமளிக்கிறது. நெடுங்காலம் மூடிக்கிடந்த கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது. அதுவரை வந்து சேர இயலாதவர்க்கு வழியமைத்தலும் வேண்டும் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. பல பின்னணிகளிலிருந்தும் மருத்துவர் உருவாகும்போதுதான், எல்லா மக்களும் தயக்கமின்றி மருத்துவமனையை நாடுவர். காதம்பினி பெற்ற இடம் அவருக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. அந்தப்புரத்தின் இருளில் மருத்துவமின்றி வாடிய பெண்களையும் அது சென்றடைந்தது.

அருஞ்சொற்பொருள்

அந்தப்புரம் – வீட்டில் பெண்கள் வாழும் உட்பகுதி
அவதூறு – பொய்யாகக் கூறும் பழி
இசைதல் – உடன்படுதல்
தண்டம் – தண்டனையாகச் செலுத்தும் பணம்
நடுநிலை – ஒருபால் சாயாமை
பேராளர் – மாநாட்டில் பிறர் சார்பாகப் பங்கேற்பவர்
திங்கள் – மாதம்

பயிற்சி

1. சந்திரமுகி பாசுவின் பெயர் வெற்றி பெற்றோர் பட்டியலில் இடம்பெறாமைக்குக் காரணம் யாது?
2. அபலா தாஸ் சென்னைக்கு வந்து மருத்துவம் பயில நேர்ந்தது ஏன்?
3. ஆண்கள் மட்டும் மருத்துவம் கற்றதால் பெண் நோயாளிகள் அடைந்த இன்னல்களை எழுதுக.
4. காதம்பினி கேட்டது சலுகை அன்று என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
5. பிரித்து எழுதுக: பெண்ணுக்கு, மதிப்பெண், அவ்வாண்டு, இந்நிலை.
6. சிந்தித்து எழுதுக: உம் ஊர் மருத்துவமனையில் மக்களின் மொழி அறிந்த, அவர்தம் வாழ்க்கை முறையை உணர்ந்த மருத்துவர் இருப்பதால் விளையும் நன்மைகள் யாவை? பத்து வரிகளில் எழுதுக.