கொல்லர் மகனுக்குக் கிடைத்த நுழைவுச்சீட்டு

மேட்டூர் அணையில் மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டர் எந்தத் தத்துவத்தில் சுழல்கிறதோ, அதை 1831இல் கண்டு சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்பது அவர் கண்டது. இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த ஆய்வுக்கூடத்துக்குள் அவர் எப்படி நுழைந்தார் என்பதைத்தான் நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலையில் முதலில் சொல்கிறோம்.

1791இல் லண்டனையொட்டிய நியூவிங்டனில் பிறந்தார். அப்பா இரும்புக் கொல்லர், நோயாளி. பஞ்ச காலத்தில் ஒரு ரொட்டியை வாரம் முழுக்க வைத்துத் தின்ற பிள்ளை. எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததோடு பள்ளி முடிந்தது. 14 வயதில் ரீபோ என்பவரின் புத்தக பைண்டிங் கடையில் சேர்ந்தார். ஏழாண்டு ஒப்பந்தம். தைக்க வந்த புத்தகங்களைப் படிக்க முதலாளி தடை சொல்லவில்லை. கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றி வாசித்தது அப்போதுதான். டேட்டம் என்பவர் மாலை வேளைகளில் நடத்திய அறிவியல் கூட்டங்களுக்கும் போனார். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட், அவரும் கொல்லர்தான்.

புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, ராயல் இன்ஸ்டிடியூஷனில் சொற்பொழிவாற்றி வந்தார். வசதியானவர்கள் கூடும் அரங்கு அது. 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச்சீட்டு கொடுத்தார். ஃபாரடே நான்கு சொற்பொழிவுகள் கேட்டார். கேட்டதைப் படங்களோடு ஏறத்தாழ 300 பக்கம் எழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். ராயல் சொசைட்டி தலைவருக்கு முன்பே வேலை கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இதற்கு வந்தது. 1813 மார்ச்சில் ஆய்வுக்கூட உதவியாளரானார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம், தங்க மாடியறை.

அதே ஆண்டு டேவி தம்பதியுடன் ஐரோப்பியப் பயணம். அங்கே டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார், வேலைக்காரர்களோடுதான் சாப்பாடு. வேலையை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு மனம் நொந்தார். இங்கிலாந்தின் வர்க்கமும் நம் ஊர்ச் சாதியும் ஒன்றல்ல. ஃபாரடே பின்னாளில் மேலேற முடிந்தது, கொல்லர் மகன் என்பது அவரோடு ஒட்டிக்கொண்டே வரவில்லை. ஆனாலும் டீக்கடையில் தனிக் குவளையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தனிப் பந்தி எப்படி உறுத்தியிருக்கும் என்று தெரியும். டேவியும் மரச்சிற்பத் தொழிலாளியின் மகன்தான். 1824இல் ஃபாரடே ராயல் சொசைட்டி உறுப்பினராவதை எதிர்த்தவரும் அதே டேவி. எதிர்ப்பை மீறித் தேர்வானார்.

பேசவும் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பேச்சுக்கலை ஆசிரியரிடம் பணம் கட்டிப் பயின்றார். வேகம் கூடிவிடாமலிருக்க, மெதுவாக என்று எழுதிய அட்டையைக் கண்ணெதிரே வைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கிவைத்தார். பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1827 முதல் 19 முறை நடத்தினார். கடைசி வரிசை ஒரு மெழுகுவத்தி எரிவதைப் பற்றியது, 1861இல் புத்தகமானது. சர் பட்டத்தை மறுத்தார். 1867இல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே ஆடம்பரமில்லாமல் ஹைகேட் கல்லறையில் புதைத்தார்கள்.

கரண்ட் போன ஓர் இரவில் அந்த மெழுகுவத்திப் பாடத்தை நாங்கள் நடத்தினோம். சுடர், புகை, ஈரம் எல்லாம் முடிந்த பிறகு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அந்த அண்ணன் என்ன படித்தார் என்று கேட்டாள். அவளுடைய அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.