ஒரே காலையில் ஒரு போர்க்கப்பல்... வாட்டர்கலரை ‘ஓட விட்ட’ டர்னர் யார்?

ஈரமான காகிதத்தில் ஒரு துளி நீலம். அது தானாகப் பரவுகிறது. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். ஒரே நிமிடத்தில் வானமும் கடலும் ரெடி. ரீல்ஸில் வரும் இந்த ‘லூஸ் வாட்டர்கலர்’ வீடியோக்களைப் பார்த்து, அட இவ்ளோதானா, நாமளும் பண்ணலாமேன்னு பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர்கள் நிறைய பேர். முதல் தாளிலேயே எல்லா கலரும் கலந்து சேறாகிப்போனதும் மூடி வைத்தவர்களும் நிறைய பேர்.

இந்தப் பாணியைப் பற்றிப் பேசினாலே வரும் பெயர்களில் ஒன்று ஜே.எம்.டபிள்யூ. டர்னர். 1851-ல் இறந்த ஆங்கிலேய ஓவியர். அவர் இதை எப்படிக் கற்றார்? இன்று உலகம் கொண்டாடும் பல தாள்களை ஏன் அவர் கண்காட்சியில் வைக்கவே இல்லை? விரிவாகப் பார்க்கலாம்.

லூஸ் வாட்டர்கலர்னா என்ன?

பென்சிலில் கோடு போட்டு, அதற்குள் கலர் நிரப்புவது ஒரு வழி. லூஸ் பாணியில் விளிம்புகள் இறுக்கமாக இருக்காது. நிறைய தண்ணீர், பெரிய பிரஷ், குறைந்த தீற்றல்கள். காகிதம் ஈரமாக இருக்கும்போது கலர் வைத்தால் அது பரவி, பனிமூட்டம் மாதிரி மங்கும். காய்ந்த பிறகு வைத்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் பெரும்பாலும் வெள்ளை பூசுவதில்லை, காகிதத்தை அப்படியே விட்டுவிடுவார்கள்.

அதாவது, தாள் எந்த அளவுக்குக் காய்ந்திருக்கிறது, எப்போது கை வைக்கலாம், எப்போது வைக்கவே கூடாது என்று தெரிவதில்தான் பாதி வித்தை இருக்கிறது.

சலூன் கடையில் தொங்கிய படங்கள்

டர்னர் 1775-ல் லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் பிறந்தார். அப்பா சலூன் வைத்திருந்தார், விக்கும் செய்து விற்றார். மகன் வரைந்த படங்களைக் கடையிலேயே மாட்டி, சில ஷில்லிங்குகளுக்கு விற்றவரும் அவர்தான்.

14 வயதில் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1790-ல், அவருடைய வாட்டர்கலர் அகாடமி கண்காட்சியில் இடம்பெற்றது. அதே காலத்தில் கட்டடங்களை அளவு பிசகாமல் வரையும் வேலையும் பழகினார். பின்னாளில் கோடுகளைக் கரைத்த கை, முதலில் கோடுகளைத்தான் கற்றது.

1790-களின் நடுவில், டாக்டர் தாமஸ் மன்ரோ வீட்டில் மாலை நேரங்களில் வேலை. அங்கே இருந்த ஓவியங்களைப் பார்த்து நகல் எடுக்க வேண்டும். அதே வயதுக்காரரான தாமஸ் கிர்ட்டின் கோடு வரைவார், டர்னர் அதன் மேல் வாஷ் கொடுப்பார். கொஞ்சம் கூலி, இரவு சாப்பாடு. கிர்ட்டினும் பெரிய ஓவியராக வளர்ந்தார். ஆனால் 1802-ல், 27 வயதிலேயே இறந்துபோனார்.

மன்ரோ, லண்டனின் பெத்லெம் மனநல மருத்துவமனையின் மருத்துவர். டர்னரின் அம்மா மேரி மனநோயால் அவதிப்பட்டு, 1800-ல் அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1804-ல் அங்கேயே இறந்தார். அந்த நான்கு ஆண்டுகளுக்குள்தான், 1802-ல், டர்னர் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார்.

வாத்தியாராக எப்படி?

இளவயதில் டர்னர் தனியாக ஓவிய டியூஷன் எடுத்தார். தன் படத்தைக் கொடுத்து நகல் எடுக்கச் சொல்வதுதான் முறை. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரமே விட்டுவிட்டார்.

1807-ல் அகாடமி அவரைப் பேராசிரியராக்கியது. தூரம், ஆழம் காட்டி வரையும் பெர்ஸ்பெக்டிவ் பாடம். முதல் வகுப்பு நடந்ததோ 1811-ல்தான். பேச்சு சரியாக வராது, முணுமுணுப்பார். ஆனால் வகுப்புக்கென்று அவர் தயாரித்த பெரிய பெரிய விளக்கப் படங்கள் அபாரம். காது கேட்காத ஓவியர் ஸ்டோதர்ட்கூட, பார்க்க நிறைய இருக்கிறது என்பதற்காகவே வந்து உட்கார்ந்தாராம்.

ஒரு காலை, ஒரு கப்பல்

டர்னர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் குறைவு. அதில் ஒன்று 1818-ல் நடந்தது. யார்க்‌ஷயரில் நண்பர் வால்டர் ஃபாக்ஸின் பண்ணை வீடு. ஒரு பெரிய போர்க்கப்பல் எவ்வளவு பெருசுன்னு காட்டும்படி ஒரு படம் வரைந்து தரச் சொன்னார் ஃபாக்ஸ். காலை உணவு முடிந்ததும் டர்னர் உட்கார்ந்தார். ஃபாக்ஸின் மகன் பக்கத்திலேயே இருந்து பார்த்தார்.

தாள் ஊறிப்போகும் வரை ஈரமான கலரை ஊற்றினார். தேய்த்தார், சுரண்டினார். பார்ப்பதற்கு ஒரே குழப்பம். பிறகு மெல்ல மெல்ல கப்பல் உருவானது. மதிய சாப்பாட்டுக்குள் படம் முடிந்துவிட்டது. முன்னால் ஒரு மாதிரிப் படம்கூட கிடையாது.

வேறு சிலர் சொன்ன தகவல்களும் உண்டு. பலகையில் ஒட்டிய தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரம் இருக்கும்போதே கலர் விடுவார். ஒன்று காயும் நேரத்தில் அடுத்த தாளை எடுப்பார். வெளிச்சம் வேண்டும் என்றால் ஈரக் கலரைத் துடைத்து எடுப்பார், அல்லது நகத்தால் கீறுவார்.

இதெல்லாம் அதிர்ஷ்டமா? இல்லை. அவர் விட்டுச்சென்ற ஸ்கெட்ச் புத்தகங்கள் மட்டும் சுமார் 300. பாய்மரம், கயிறு, அலை, மலை எல்லாம் பென்சிலில் குறித்து வைத்தவை. கப்பலின் ஒவ்வொரு கயிறும் தெரிந்தவர் என்பதால்தான், எந்தக் கயிற்றை விட்டுவிடலாம் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

ஏன் வெளியே காட்டவில்லை?

டர்னர் விற்ற வாட்டர்கலர்கள் நுணுக்கமாக முடிக்கப்பட்டவை. வெறும் இரண்டு மூன்று கலர் பட்டைகளில் வானமும் நீரும் மட்டும் இருக்கும் தாள்களை அவர் தயாரிப்பு வேலையாகவே வைத்திருந்தார். அவை வீட்டிலேயே குவிந்தன. அந்தக் காலத்து விமர்சகர்கள் அவருடைய கண்காட்சி ஓவியங்களையே சோப்பு நுரை, சுண்ணாம்பு என்று கிண்டல் செய்தார்கள். இந்தத் தாள்களைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

காப்பாற்றியது ஒரு உயில் வழக்கு

1851 டிசம்பர் 19-ல் டர்னர் இறந்தார். முடிக்கப்பட்ட ஓவியங்கள் நாட்டுக்கு, பணத்தில் பெரும்பகுதி வறுமையில் வாடும் ஓவியர்களுக்கான இல்லத்துக்கு என்பது அவர் விருப்பம். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். 1856-ல் முடிவு வந்தது. சொத்து பெரும்பாலும் உறவினர்களுக்குப் போனது. அவர் கைப்பட வரைந்தது எல்லாம், முடித்தது முடிக்காதது என்ற வித்தியாசம் இல்லாமல், நாட்டுக்கு.

ஏழை ஓவியர்களுக்கான இல்லம் எழும்பவே இல்லை. அவர் கொடுக்க நினைக்காத தாள்கள்தான் பத்திரமாகத் தப்பின.

டப்பாக்களில் கிடந்த 19,000-க்கும் மேற்பட்ட தாள்களை எழுத்தாளர் ஜான் ரஸ்கின் பிரித்து அடுக்கினார். 1909-ல் வெளியான பட்டியலில்தான் அந்தக் கலர் பட்டைத் தாள்களுக்கு ‘கலர் பிகினிங்ஸ்’ என்ற பெயரே கிடைத்தது.

இன்றைய மதிப்பு என்ன?

சுவிட்சர்லாந்தின் ரிகி மலையை டர்னர் 1842-ல் வரைந்த ‘ப்ளூ ரிகி’ வாட்டர்கலர், 2006-ல் 58 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. வெளிநாட்டுக்குப் போகாமல் தடுக்க மக்களிடம் நிதி திரட்டி, 2007-ல் டேட் அருங்காட்சியகம் அதை வாங்கியது. 2020-ல் பிரிட்டனின் 20 பவுண்டு நோட்டில் டர்னரின் முகம் வந்தது.

எடின்பரோவில் உள்ள டர்னர் வாட்டர்கலர்கள் சில, வெளிச்சம் குறைவான ஜனவரி மாதத்தில் மட்டுமே மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. காரணம், வெயில் பட்டால் கலர் வெளிறிவிடும்.

பிரஷ் பிடிக்க ஆசைப்படுபவர்களுக்கு டர்னர் வாழ்க்கை சொல்வது இதுதான்: முதல் தாள் சேறானால் தூக்கிப் போட வேண்டாம். காயட்டும். அதற்குள் அடுத்த தாளை நனையுங்கள். நடுவில் ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் எப்போதும் பையில் இருக்கட்டும்.