கால்களைக் காத்த டாக்டர் டாட்டர்

1964-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 82 வயது மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். ரத்த ஓட்டம் குறைந்து அவருடைய இடது பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றனர் டாக்டர்கள். மூதாட்டி சம்மதிக்கவில்லை.

கடைசியில் அவரை எக்ஸ்-ரே பிரிவின் தலைவரிடம் அனுப்பினார்கள். அந்தத் தலைவர்தான் சார்லஸ் டாட்டர்.

அவர் கத்தியை எடுக்கவில்லை. தொடையின் ரத்தக் குழாயில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியை அடைப்பின் வழியே செலுத்தினார். கம்பியின் மேல் ஒரு சிறு குழாயையும், அதன் மேல் சற்றுப் பருத்த இன்னொரு குழாயையும் நுழைத்தார். நெருங்கிக் கிடந்த பாதை விரிந்தது. சில நிமிடங்களில் குளிர்ந்திருந்த பாதம் சூடேறியது. அந்த மூதாட்டி அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தம் சொந்தக் காலிலேயே நடந்தார்.

32 வயதில் தலைவர்

டாட்டர் 1920-ல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். 1944-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1952-ல், 32 வயதிலேயே போர்ட்லண்ட் கல்லூரியில் எக்ஸ்-ரே பிரிவின் தலைவரானார். இறக்கும் வரை, 33 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

சிறு வயது முதலே இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதில் அவருக்குத் தணியாத ஆசை. ரத்தக் குழாயில் செலுத்தும் கம்பிகளுக்காக கிதார் தந்திகளைக்கூடப் பயன்படுத்திப் பார்த்தார். மலையேறுவதிலும் சூரர். அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேற்பட்ட 67 சிகரங்களில் ஏறியவர்.

1963-ல் ஒரு நோயாளிக்குப் படம் எடுப்பதற்காக அவர் செலுத்திய குழாய், அடைபட்டிருந்த ரத்தக் குழாயைத் தற்செயலாகத் திறந்துவிட்டது. மற்றவர் மறந்திருக்கக்கூடிய இந்த நிகழ்ச்சியை அவர் விடாமல் பிடித்துக் கொண்டார். படம் எடுக்கும் கருவியே சிகிச்சைக் கருவியாகலாம் என்று அதே ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்த மருத்துவ மாநாட்டில் பேசினார்.

கேலியும் பாராட்டும்

ஆனால் சொந்த நாட்டில் அவருக்குக் கிடைத்தது கேலிதான். பைத்தியக்காரர் என்று பட்டம் கட்டினார்கள். படம் எடுத்துத் தந்தால் போதும், சரிசெய்ய முயல வேண்டாம் என்று எழுதியனுப்பிய அறுவை நிபுணரும் உண்டு. ஐரோப்பிய டாக்டர்களோ அவர் முறையை வரவேற்று, அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்த முறையைக் கற்ற ஆண்ட்ரியாஸ் குருயன்சிக் என்ற இளம் டாக்டர், 1974-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில், கால் அடைப்பை நுண்ணிய பலூனால் விரித்தார். 1977-ல் அதே பலூனை இதயத்துக்கும் கொண்டு சென்றார்.

1978-ல் நோபல் பரிசுக்கு டாட்டரின் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. புற்றுநோய்க்கும் இதய ஆபரேஷனுக்கும் ஆளானபோதும் அவர் வேலையை விடவில்லை. 1985 பிப்ரவரியில், 64-வது வயதில் காலமானார்.

மணிக்கட்டு வழியாக

டாட்டர் தொடையில் போட்ட துளை, இப்போது மணிக்கட்டுக்கும் வந்துவிட்டது. 1989-ல் கனடாவின் லூசியன் காம்போ, மணிக்கட்டு வழியாக இதயக் குழாய்களைப் படம் எடுத்த முறையை வெளியிட்டார். கால் அடைப்புக்கும் இவ்வழி பயன்படுகிறது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்க்கும் அதே குழாய்தான் அது. எலும்பின் மேலேயே ஓடுவதால், அழுத்திக் கட்டினால் ரத்தம் நின்றுவிடும். தொடையில் துளையிட்டவர்போல் மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டியதில்லை. விரைவில் எழுந்து நடக்கலாம்.

ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. மணிக்கட்டுக் குழாய் மெல்லியது. பெரிய கருவிகள் நுழையா. கையிலிருந்து முழங்காலுக்குக் கீழே போவது நீண்ட தூரம். உயரமானவர்களுக்குக் கருவி எட்டாமல் போகலாம். எந்த வழி என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

காலைக் கவனியுங்கள்

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கிறதா? நின்றால் வலி போய், நடந்தால் மீண்டும் வருகிறதா? பாதத்துப் புண் ஆறாமல் இருக்கிறதா? வேலைக் களைப்பு என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் சர்க்கரை வியாதிக்காரர்களும் இதில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடாமல், இருக்கும் ஊரிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். பாதம் திடீரென்று குளிர்ந்து வெளுத்துத் தாங்காமல் வலித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வெட்டத்தான் வேண்டும் என்று சொன்ன காலையும் காப்பாற்ற வழி உண்டு என்று காட்டியவர் டாட்டர். அந்த வழி பயன்பட வேண்டுமானால், நோயாளி காலத்தில் போய்ச் சேர வேண்டும்.