வரகுண பாண்டியனும் அயிரை மலையும்

பண்டை மன்னர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதல் இடர்ப்பாடு காலத்தை வரையறுப்பதே ஆகும். பழைய கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்று மட்டுமே கூறும். அவன் முடிசூடிய ஆண்டு தெரியாவிடில் அக்கணக்கு நமக்குப் பயன்படாது. ஒரே பெயரில் இருவர் இருந்துவிட்டாலோ சிக்கல் பின்னும் பெருகும். பாண்டியன் இரண்டாம் வரகுணவர்மன் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இவன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் மகன். சித்தன்னவாசல் அறிவர் கோயிலை மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் புதுக்கியது அத்தந்தையின் காலத்தில்தான். தந்தையின் இறுதி நாள்களில், இலங்கை வேந்தன் இரண்டாம் சேனனின் படை மதுரையுட் புகுந்ததாகச் சிங்கள வரலாற்று நூல் கூறுகிறது. அந்நெருக்கடியை அடுத்து வரகுணன் அரியணை ஏறினான். சிவபெருமானிடம் பேரன்பு பூண்டவன் என்று போற்றப்படுகிறான். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்புறம்பியப் போரில் பல்லவன் அபராசிதனின் அணியிடம் தோல்வியுற்றான். அவனுக்குப்பின் தம்பி பராந்தக வீரநாராயணன் ஆட்சிக்கு வந்தான்.

இவன் பாட்டனும் வரகுணனே. இருவருக்கும் மாறஞ்சடையன் என்னும் பெயரும் உண்டு. எனவே ஒரு கல்வெட்டு பாட்டனுடையதா, பேரனுடையதா என ஆராய்ச்சியாளர் மயங்க நேர்ந்தது. திருக்கோவையார் குறிப்பிடும் வரகுணன் எவன் என்ற ஐயத்தால் மாணிக்கவாசகர் காலமும் விவாதத்திற்குரியதாயிற்று.

இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கியது சமண முனிவர் ஒருவரின் அறச்செயல். திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டி அருகே சமவெளியிலிருந்து எழுந்து நிற்கிறது ஐவர்மலை. பாண்டவர் ஐவர் தங்கியதால் இப்பெயர் வந்தது என்பர் ஊரார். அதன் பழம்பெயரோ அயிரை. பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக வடிக்கப்பட்டுள்ளன. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் இங்குப் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். நாள்வழிபாட்டிற்கும் துறவி ஒருவரின் ஆகாரத்திற்குமாக 505 காணம் பொன் வைத்தார். இச்செய்தியைக் கூறும் வட்டெழுத்துக் கல்வெட்டு, சக ஆண்டு 792 என்பதையும் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்பதையும் சேர்த்தே குறிக்கிறது. சக ஆண்டு 792 என்பது கி.பி. 870. ஆகவே அவன் கி.பி. 862-ஐ ஒட்டி முடிசூடினான் என்பது உறுதியாயிற்று. முன்னும் பின்னும் ஆண்ட பாண்டியர் காலத்தையும் இதனைக் கொண்டே அறிஞர் கணித்தனர்.

எனினும் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடவில்லை. திருப்புறம்பியப் போர் நிகழ்ந்த ஆண்டு பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொரு சான்றும் தன் நிலையிலிருந்து ஒரு கூற்றை மட்டுமே காட்டும். அதனையே முழுமை எனக் கொள்ளுதல் ஏகாந்தம் என்பதை நாம் அறிவோம்.

சாந்திவீரர் அரசனின் வரலாற்றை எழுத முற்பட்டவர் அல்லர். தாம் செய்த தருமத்தின் காலத்தை முறையாகக் குறித்தார், அவ்வளவே. நம் ஜினாலயங்களில் திருப்பணி செய்யும் அன்பர்களும் ஆண்டைத் தெளிவாகப் பொறித்து வைப்பாராக! பழனிப் பக்கம் செல்லுங்கால் குழந்தைகளுடன் அயிரை மலையையும் தரிசித்து வருவோமாக.