மருத்துவச்சியின் மகள்

தோட்டத்துத் தாய்மார்களுக்கு மருத்துவச்சி யார் என்று சொல்லித் தரவேண்டியதில்லை. நடுராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கோடு ஓடிப்போய், கதவைத் தட்டி, அந்த அம்மாளைக் கையோடு லயத்துக்குக் கூட்டிவந்த காலம் நம்ம பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தொழிலைப் படித்து முடித்த ஒரு பெண், பிற்காலத்தில் மலாயா நாடே பேசும்படி ஆனார். அவர்தான் சிபில் கார்த்திகேசு. பெயரைச் சொன்னதும் ஜப்பான்காரன் காலத்துச் சித்திரவதைதான் பலருக்கு ஞாபகம் வரும். அதையும் சொல்லத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முந்திய கதை நம்ம கோலாலம்பூரில், புடுவில், புக்கிட் நானாசில் நடந்தது. அதைச் சொல்லுகிறவர்கள் குறைவு.

சிபில் பிறந்தது 1899 செப்டம்பர் 3-ம் தேதி, சுமத்ராவிலுள்ள மேடான் நகரில். பிறந்த ஊரையே பெயரின் நடுவில் சேர்த்து சிபில் மேடான் டேலி என்று பெயர் வைத்தார்கள். தகப்பனார் ஜோசப் டேலி, ஐரிஷ் வழி வந்த யுரேசியர்; தோட்டத் தொழில் செய்தவர். தாயார் பியட்ரிஸ் யுரேசியப் பெண்மணி. அவர் ஒரு மருத்துவச்சி. நாலு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் சிபில்.

அம்மா எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தொழில் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. சிபில் தாதிப் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் முறையாகப் பெற்றார். இதை லேசாக நினைத்துவிடக்கூடாது. பென்சிலின் மருந்து வராத காலம் அது. பேறுகாலத்தில் கிருமி புகுந்து ஜன்னி கண்டால் தாய் பிழைப்பது அரிது. கண்ட கத்தியையும் மூங்கில் சிம்பையும் கொண்டு தொப்புள்கொடியை அறுத்ததால், பிறந்த ஒரு வாரத்துக்குள் வலிப்பு கண்டு இறந்த சிசுக்கள் எத்தனையோ. கொதித்த தண்ணீர், வெந்நீரில் போட்ட கத்தரிக்கோல், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய கை, சுத்தமான துணி என்ற இந்தச் சின்னச் சின்ன ஒழுங்குதான் படித்த மருத்துவச்சி கொண்டுவந்த பெரிய மாற்றம். எப்போது கைவைக்க வேண்டும், எப்போது பேசாமல் காத்திருக்க வேண்டும், எப்போது டாக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதையும் பழகியாக வேண்டும். புத்தகம் பாதி, பெரியவர்கள் பக்கத்தில் நின்று பழகுவது மீதி. சிபிலுக்கு அந்தப் பெரியவர் வீட்டிலேயே இருந்தார்.

சிபில் கத்தோலிக்கர், பக்தி மிகுந்தவர். அவர் மணக்க விரும்பியவரோ தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர், இந்து. ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்ற டாக்டர். சமயம் வேறு என்பதால் சிபிலின் பெற்றோர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இன்றைக்கும் எத்தனை வீடுகளில் இதே பேச்சால் அடுப்பு எரியாமல் கிடக்கிறது! கடைசியில் மாப்பிள்ளையின் தகப்பனாரே சம்மதம் தந்தார். டாக்டரும் கத்தோலிக்கராகி அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு என்று பெயர் கொண்டார். 1919 ஜனவரி 7-ம் தேதி, கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம். பெண்ணுக்கு வயது பத்தொன்பது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. பேறிலேயே சிக்கல். பத்தொன்பது மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. பேர் மட்டும் வைக்க முடிந்தது: மைக்கல். அது சிபிலின் மூத்த அண்ணன் பெயர். அந்த அண்ணனும் முதல் உலகப் போரில், 1915-ல், துருக்கி நாட்டுக் கலிப்போலியில் மாண்டவர். அண்ணன் பெயரை வைத்த பிள்ளையும் தங்கவில்லை.

தாய் மருத்துவச்சி, மகளும் மருத்துவச்சி, மருமகன் டாக்டர். அப்படிப்பட்ட வீட்டிலேயே ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. ஊரார் குழந்தையைக் கையில் ஏந்துகிறவளுக்குத் தன் குழந்தை இல்லை என்றால் மறுபடி அந்தப் பையைத் தூக்க மனசு வருமா? அந்த வேளையில் வழி சொன்னவர் அம்மா பியட்ரிஸ்தான். அவர் கையால் பேறு பார்த்த ஒரு பையன், வில்லியம் பிள்ளை, 1918 அக்டோபரில் பிறந்தவன், புடுவிலிருந்த அவர்கள் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தான். அவனைத் தத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். சிபிலும் டாக்டரும் அவனைத் தங்கள் மகனாக ஏற்றுக்கொண்டார்கள்.

1921 பிப்ரவரி 26-ம் தேதி, கோலாலம்பூர் பெக்கெலிலிங்கில் மகள் ஓல்கா பிறந்தாள். இந்தத் தடவை ஒரு குறையும் இல்லை. ஏப்ரலில் ஈப்போவுக்குத் திரும்பியபோது சிபிலோடு கைக்குழந்தை ஓல்கா, நடக்கிற வயசுப் பையன் வில்லியம், கூடவே அம்மாவும். மகளுக்குத் துணையாக ஈப்போவிலேயே தங்க அந்த அம்மாள் சம்மதித்துவிட்டார். வேலைக்குப் போகும் மகள்களுக்காக வீட்டையும் பிள்ளைகளையும் சுமக்கிற பாட்டிமார் நம் தோட்டங்களிலும் ஏராளம் உண்டு. அவர்கள் பெயரைத்தான் எவரும் எழுதி வைப்பதில்லை.

1926-ல் ஈப்போ புரூஸ்டர் ரோடு 141-ம் எண்ணில் கணவன் மனைவி இருவரும் கிளினிக் தொடங்கினார்கள். சிபிலுக்குக் கான்டனீஸ் சீனம் தண்ணீர் பட்ட பாடு. ஈயச் சுரங்க வட்டாரத்துச் சீனப் பெண்களுக்கு, பேறு வலியில் தங்கள் பாஷையிலேயே ஆறுதல் சொல்லும் மிஸ்ஸி கிடைத்தது எவ்வளவு பெரிய தெம்பு! 1936-ல் இரண்டாவது மகள் டான் பிறந்தாள்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஈப்போ அவன் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு குடும்பம் பக்கத்திலுள்ள பாப்பான் என்ற சின்னச் சுரங்க ஊருக்குப் போனது. மெயின் ரோடு 74-ம் எண் கடைவீடு. அங்கேயும் சிபில் மருந்தும் பேறுமாக வேலையைத் தொடர்ந்தார். அந்தக் காலத்துக் கொடுமை நம்மவர்களுக்குப் புதிதல்ல. தோட்டத்து ஆட்களை ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனதும், மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாள் கழித்ததும் எந்தக் குடும்பத்தில் இல்லை?

காட்டிலே ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய படையினர் காயம் பட்டு ராத்திரியில் பாப்பான் வீட்டுக்கு வந்தார்கள். தெரிந்தால் தலை போகும். சிபில் கதவைத் திறந்தார். குண்டை எடுத்தார், கட்டுப் போட்டார், மருந்து கொடுத்தார். ராத்திரியில் கதவு தட்டினால் வந்தவன் யார், எந்த ஊர், எந்தக் கட்சி என்று கேட்டுக்கொண்டிருக்கிற பழக்கம் மருத்துவச்சி வீட்டில் கிடையாது. அம்மா காலத்திலிருந்தே கிடையாது. பெரிய அரசியல் எண்ணத்தைவிட இந்தப் பழக்கம்தான் அவரை அந்த வேலையில் இறக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. அது மட்டுமா? ரேடியோப் பெட்டியை ஒளித்துவைத்து லண்டன் செய்தியும் கேட்டார்கள். அந்த ரேடியோவுக்கு ஜோசபின் என்று பெண் பேர் வேறு!

1943-ல் பிடிபட்டார்கள். கணவர், மகன் வில்லியம், சிபில் மூவரும். கெம்பெத்தாய் செய்ததை எல்லாம் இங்கே விவரிக்க மனம் வரவில்லை. அடித்தார்கள், தண்ணீரை வாயில் ஊற்றி மிதித்தார்கள், நகங்களைப் பிடுங்கினார்கள். முதுகெலும்பு அடிபட்டு அவரால் எழுந்து நடக்க முடியாமல் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சுமார் ஏழு வயதுக் குழந்தை டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டி, தாயை வாய் திறக்கச் சொன்னார்கள். ஒரு குழந்தையை மண்ணில் கொடுத்த தாய் அவர். அப்போதும் காட்டிலிருந்தவர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. நல்லவேளையாகக் குழந்தை உயிரோடு இறக்கப்பட்டாள். தாங்கிக்கொள்ளப் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஜெபத்திலிருந்து என்பதே சிபில் தம் வரலாற்றில் தரும் பதில்.

ஆயுள் தண்டனை பெற்றுப் பத்து காஜா சிறையில் கிடந்தவர், 1945-ல் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் வெளியே வந்தார். சிகிச்சைக்காக இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். அங்கே வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. நோயோடு போராடிக்கொண்டே தம் கதையையும் சொல்லி முடித்தார். அது நோ டிராம் ஆப் மெர்சி என்ற பெயரில் 1954-ல் புத்தகமாக வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஜப்பானியன் பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடையில் ஏற்பட்ட பழைய புண் சீழ் பிடித்து, இரத்தத்தில் விஷமேறி, 1948 ஜூன் 12-ம் தேதி இறந்துபோனார். வயது நாற்பத்தெட்டு. எத்தனையோ தாய்மாரை எந்தக் கிருமி அண்டாமல் காத்தாரோ, அதே மாதிரிக் கிருமிதான் அவரையும் கொண்டுபோயிற்று.

ஸ்காட்லாந்தில் லானார்க் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். 1949-ல் உடலை மலாயாவுக்குக் கொண்டுவந்து, ஈப்போவில் செயின்ட் மைக்கல் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். கிளினிக் வைத்திருந்த அதே புரூஸ்டர் ரோட்டுப் பக்கம்தான். இப்போது அது ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. பேர் பார்க் பகுதியில் ஒரு சாலைக்கும் அவர் பெயர் உண்டு. கிள்ளானிலிருந்தோ பிரிக்பீல்ட்சிலிருந்தோ பள்ளி விடுமுறைக்கு ஈப்போப் பக்கம் போகிறவர்கள், பாப்பானுக்கும் ஒரு நடை போய், அந்த 74-ம் எண் வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வரலாம்.