யெல்லப்பிரகட சுப்பாராவ்: இரத்தப் புற்றுநோய் மருந்துக்கு வழியமைத்தவர்

கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் மருந்துப் பட்டியலில் மெத்தோட்ரெக்சேட் என்னும் பெயர் பெரும்பாலும் இடம்பெறும். இம்மருந்தின் தோற்றத்தில் பெரும் பங்காற்றியவர் சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் யெல்லப்பிரகட சுப்பாராவ். அவரது வாழ்க்கையை அறிவது, மருத்துவர்கள் தொடர்ந்து கற்பது ஏன் இன்றியமையாதது என்பதை நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் உணர உதவும்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறையாக எழுதியபோதுதான் தேர்ச்சி பெற்றார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளானார், அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது.

உணவுச் சத்தைக் குடல் உறிஞ்ச இயலாமற்போகும் ஸ்ப்ரூ என்னும் நோய் அவருடைய சகோதரர்களின் உயிரைப் பறித்தது. அந்நோய்க்குத் தீர்வு காணும் விருப்பமும் அவரை ஆராய்ச்சியை நோக்கிச் செலுத்தியது.

அமெரிக்காவில் ஆராய்ச்சி

1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையில் கடைநிலைப் பணி செய்து செலவுகளைச் சமாளித்தவாறே ஹார்வர்டில் பயின்றார். உடல் திரவங்களில் பாஸ்பரஸ் அளவைக் கண்டறிய, சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து அவர் உருவாக்கிய முறை 1925-ல் வெளிவந்தது. தசைகளுக்கு ஆற்றல் கிடைக்கும் விதத்தை விளக்கும் ஆய்வுகளிலும் இருவரும் ஈடுபட்டனர். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி வழங்கப்படவில்லை. 1940-ல் அவர் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநராக உயர்ந்தார்.

அங்கு அவர் வழிநடத்திய குழு, புதிய இரத்த அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் சிலவகை இரத்தசோகை உடையோருக்கும் அது பயனளித்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டைஎத்தில்கார்பமசின் மருந்தும் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் உருவானதே.

தலைகீழான கணிப்பு

இரத்தப் புற்றுநோயிலும் இரத்தசோகை ஏற்படுவதால், ஃபோலிக் அமிலம் அதற்கும் உதவக்கூடும் என்று கருதப்பட்டது. ஆனால் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைச் சேர்மங்கள் பெற்ற குழந்தைகளுக்கு நோய் விரைந்து பெருகுவதைக் கவனித்தார். நல்ல அணுக்களுக்கு வேண்டிய சத்தே புற்றணுக்களையும் வளர்க்கிறது என்றால், அச்சத்தின் செயலைத் தடுப்பதே சிகிச்சையாக அமையலாம் என்று அவர் எண்ணினார்.

அதற்கு வேண்டிய எதிர்ச்சேர்மங்களைச் சுப்பாராவின் ஆய்வகம் அளித்தது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூனில் வெளியான ஃபார்பரின் அறிக்கையின்படி, அம்மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. அது தற்காலிகத் தணிவே. நோய் மீண்டும் வந்தது. எனினும், மருந்தால் கடும் இரத்தப் புற்றுநோயைத் தணிக்க முடியும் என்பது முதன்முறையாகத் தெளிவாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தமது 53-ஆம் வயதில் காலமானார். அமினோப்டெரினின் இடத்தை அதன் நெருங்கிய சேர்மமான மெத்தோட்ரெக்சேட் விரைவில் பெற்றது.

மருத்துவர்கள் ஏன் தொடர்ந்து கற்கிறார்கள்?

அன்று சரியெனத் தோன்றிய மருத்துவக் கருத்து சில ஆண்டுகளிலேயே மாறியது. அடுத்துவந்த ஆண்டுகளில் பல மருந்துகளை இணைத்துக் கொடுக்கும் முறையும், மூளை மற்றும் தண்டுவடத்தில் நோய் பரவாமல் தடுக்கும் சிகிச்சையும் சேர்ந்தன. இன்று நல்ல வசதியுள்ள மையங்களில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். இத்தகைய மாற்றங்களை மருத்துவர்கள் அறிந்து பின்பற்றினால்தான் நோயாளிக்குப் பயன் கிட்டும். எனவே, மருத்துவர்கள் 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகள் குறிப்பிட்டன.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• ஃபோலிக் அமிலம் அல்லது வைட்டமின் மாத்திரைகளை, உடல் தேற உதவும் என்று எண்ணித் தாமாகவே கொடுக்கக் கூடாது. அவை மெத்தோட்ரெக்சேட்டின் செயலைக் குறைக்கக்கூடும்.

• அதிக அளவு மெத்தோட்ரெக்சேட்டிற்குப் பின் மருத்துவர் குறித்த நேரத்தில் வழங்கும் லூக்கோவோரின், நல்ல அணுக்களைக் காப்பதற்கானது. அதைத் தவறவிடக் கூடாது.

• பராமரிப்புக் கட்டத்தில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வழக்கமாக வாரம் ஒருமுறையே கொடுக்கப்படும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். கொடுக்கும் கிழமையை நாட்காட்டியில் குறித்து வைக்கவும்.

• காய்ச்சல், வாய்ப்புண், இரத்தக்கசிவு ஆகியவை தோன்றினால் காத்திராமல் மருத்துவமனையை அணுகவும்.

• சிகிச்சை முறை இடையில் மாற்றப்பட்டால் அச்சம் கொள்ள வேண்டாம். மாற்றத்திற்கான காரணத்தை மருத்துவரிடம் கேட்டறியவும். அவ்வாறு கேட்பது நோயாளியின் உரிமை.