ஓமந்தூரார் மூடிய கள்ளுக்கடைகள்

மேல்மலையனூர், திண்டிவனம் வட்டாரத்தார் பெருமையோடு நினைக்கும் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் 1895-ல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அன்னார் நம் மார்க்கத்தவரல்லர். ஆயினும் ஹராமான மதுவை அவர் ஒழிக்க முனைந்த விதம் நாம் அறியத்தக்கது.

1947-ல் சென்னை மாகாணப் பிரதமரானார். (முதலமைச்சருக்கு அன்று அதுவே பெயர்.) மது கூடாதென்பதில் அவருக்கு உறுதி உண்டு. கஜானாவோ கள், சாராய வருமானத்தை நம்பியிருந்தது. உறுதி மட்டும் போதுமா? 1937-ல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கின் அனுபவம் கைவசமிருந்தது. வருமான இழப்பை ஈடுசெய்ய 1939-ன் விற்பனை வரியும் இருந்தது. 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது.

சிபாரிசுக்கு இணங்காத அவரைச் சொந்தக் கட்சியாரே சகிக்கவில்லை. 1949-ல் பதவி விலகினார். பின்னர் வடலூரில் வாழ்ந்தார். 1970-ல் மறைந்தார். மறு ஆண்டே கடைகள் மீண்டும் திறந்தன.